வெட்டினால்தான் பூக்கும்

ஒக்ரோபர் 19, சனி

கோபம் வந்தால் வாயைத் திறக்காமல் கொப்பியில் எழுதிப் பாருங்கள் என்று டொக்ரர் சொல்லியிருக்கிறார். என் பிரஷரைப் பார்த்து அவருக்கே பயம் வந்துவிட்டது. இவர் உடனே போய் ஒரு மெல்லிய கொப்பி வாங்கி வந்தார். எனக்கு இருக்கும் கோபத்துக்கு இந்தக் கொப்பி எந்த மூலைக்கு?

முதல் கோபம் லைலாக். மூன்று வருடத்துக்கு முன் ஸ்காபரோவுக்கு வெளியே ஒரு நேர்சரியில் ஆறு கன்றுகள் வாங்கினேன். ஆறும் ஆறு சாதி. வெள்ளை, இளஞ்சிவப்பில் அடுக்கிதழ், நீலம் கலந்தது, கடும் ஊதா, வெண்ணெய் மஞ்சள். ஆறாவது, கத்தரிப்பூ நிறத்தில் ஒவ்வோர் இதழுக்கும் வெள்ளைக் கரை பிடித்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். கல்யாணத்துக்கு அடுத்த நாள் நான் கட்டிய சேலையும் அதே நிறம், அதே கரை. ஆனால் அந்தக் கன்றுதான் கோணலாக வந்து சேர்ந்தது. அந்தக் கோடை முழுக்க ஓர் இலைகூட ஒழுங்காக விடவில்லை. குப்பையில் போடச் சொன்னேன். இவர் கொண்டுபோனார்.

மிச்சம் ஐந்தும் நன்றாகத்தான் வளர்கின்றன. மீன் கழுவிய தண்ணீர், முட்டைக்கோது, மாட்டெரு என்று பார்த்துப் பார்த்துப் போடுகிறேன். மூன்று வசந்தம் போய்விட்டது. ஒரு பூ இல்லை. பூச்செடி என்று காசை வாங்கிக்கொண்டு இலைச்செடியை விற்றிருக்கிறார்கள்.

இன்று ஐந்தையும் நன்றாக வெட்டிவிட்டேன். இவர் ஜன்னலைத் திறந்து, "இஞ்சேரும், உதை இப்ப வெட்டத்தான் வேணுமோ?" என்றார்.

"கோண்டாவிலிலை எங்கட வளவிலை பந்தல் பந்தலா மல்லிகை நிண்டது. வெட்டினாத்தான் பூக்கும். உங்கட ஆக்கள் வெங்காயம் நட்டவை. உங்களுக்குப் பூவைப் பற்றி என்ன தெரியும்?"

ஜன்னலை மூடிவிட்டார்.

நவம்பர் 3, ஞாயிறு

இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் நூல்நிலையம் போகிறார். போகட்டும். இன்று திரும்பி வந்தபோது சப்பாத்து முழுக்கச் சேறு. கால்துடைப்பான் எதற்குக் கிடக்கிறது என்று கேட்டேன். பார்க்குக்குள்ளால் நடந்து வந்தாராம். அறுபத்தெட்டு வயதில் மழைக்குள் பார்க். சப்பாத்தை நான்தான் கழுவினேன்.

டிசம்பர் 12, வியாழன்

இரவு முழுக்கப் பனி. காலையில் நானும் இவரும் டிரைவ்வேயைத் தள்ளித் துப்புரவாக்கி நிமிர்ந்தோம். அந்த நேரம் பார்த்துப் பனி தள்ளும் லொறி வந்தது. தெருவில் கிடந்த பனியையெல்லாம் எங்கள் வாசலில் குவித்துவிட்டுப் போனது. ஓட்டியவன் கையை வேறு அசைத்தான்.

இந்த லொறி ஓட்டும் ஒருவனைத்தான் என் மகள் கட்டியிருக்கிறாள். ஆரணி படித்துப் பட்டம் வாங்கி மருந்தகத்தில் வேலை செய்கிறாள். டொக்ரர் மாப்பிள்ளை இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். அவள் கைல் என்கிற ஒரு வெள்ளைக்காரனைப் பிடித்தாள். அவள் வந்த கார் பனியில் புதைந்ததாம், அவன் இழுத்துவிட்டானாம். காரை இழுத்துவிட்டவனுக்கு நன்றி சொன்னால் போதாதா?

இரண்டு வருடத்துக்கு முன் பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்தார்கள். தாலி இல்லை, கூறை இல்லை. "உன்ரை வீட்டு வாசல்படியை நான் மிதிக்கமாட்டன்" என்று போனில் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். அவர்கள் இருப்பது ஒஷவாவில், காரில் கொஞ்ச நேரம். எனக்கு அது லண்டனைவிடத் தூரம்.

பனிக்குவியலை மறுபடியும் தள்ளினோம். இவர் களைத்துப்போனார். அந்தக் கோபம் தனி.

டிசம்பர் 25, புதன்

ஆரணியின் பிறந்தநாள். பாயாசம் வைத்தேன். இன்று புதன்கிழமை, பாயாசம் வைக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். இவர் ஒரு போத்தலில் கொஞ்சம் ஊற்றி எடுத்துக்கொண்டு நூல்நிலையம் போனார். இன்றைக்கு நூல்நிலையம் பூட்டு என்று அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது. நானும் நினைவுபடுத்தவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

தை பிறந்தது. பொங்கிப் படைத்துவிட்டு, முழங்காலளவு பனிக்குள் இறங்கி லைலாக்குகளை இன்னொரு தரம் பார்த்தேன். ஒக்ரோபரில் தப்பிய கொப்புகளின் நுனியில் இரண்டிரண்டாகத் தடித்த பச்சைக் குமிழ்கள் இருந்தன. ஏதோ பூச்சியின் வேலையாக இருக்கவேண்டும். அத்தனையையும் வெட்டிப் பையில் போட்டுக் கட்டினேன். மல்லிகைக்கும் தையில்தான் கடைசி வெட்டு.

வெள்ளைச் சாதியின் ஒரு கொப்பு மட்டும் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுத் திலகேஸ்வரியின் வளவுக்குள் போய்விட்டது. எட்டவில்லை. அவளைக் கேட்கலாம் என்றால், கேட்டதும் தேத்தண்ணி போட்டு உட்காரவைத்து, "புவனேஸ் அக்கா, ஆரணி சுகமே?" என்று தொடங்குவாள். கொப்பு அங்கேயே கிடக்கட்டும்.

பெப்ரவரி 8, சனி

பிரஷர் கூடிவிட்டது. உப்பைக் குறைத்தேன். கொப்பியில் எழுதுவதால் எனக்கு ஒரு பயனும் தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இவர் பேஸ்மென்றில் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். உடுப்புத் தோய்க்க இறங்கிய என்னைக் கண்டதும் போனை வைத்தார். யார் என்று கேட்டேன். தோய்க்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆரணியவை தண்டர் பே எண்ட ஊருக்குப் போகினமாம். ஜூன் நடுவிலை. அவருக்கு அங்கை பனி தள்ளுற ஆக்களுக்கு மேலாளா வேலை கிடைச்சிருக்கு."

"போகட்டும்" என்றேன்.

"காரிலை போக ரெண்டு நாளாகும்."

"போகட்டும் எண்டு சொல்லிப்போட்டன்."

பனி குறைந்த ஊராகப் பார்த்துப் போகத் தெரியாதா? பனி கூடிய ஊருக்குத்தான் போகவேண்டுமா? இந்த நாட்டில் இத்தனை மருந்தகம் இருக்க, உலகத்தின் ஓரத்தில் போய் மாத்திரை எண்ணப்போகிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா? நான் போனை எடுப்பதில்லை என்பது உண்மைதான். எடுக்காத போனுக்குத் திரும்பத் திரும்ப அடிக்கவேண்டியது பிள்ளையின் கடமை இல்லையா?

சோறு அடிப்பிடித்தது. வெள்ளை உடுப்போடு சிவப்பு மேசைத்துணியைப் போட்டுத் தோய்த்துவிட்டேன். இவரது பெனியன் எல்லாம் இப்போது இளஞ்சிவப்பு. இவர் ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டு திரிகிறார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஐந்தும் துளிர்த்துவிட்டன. எல்லாம் இலை. இன்னும் நாள் இருக்கிறது என்கிறார் இவர். அணில் மொட்டைத் தின்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. காலையில் ஒரு மணித்தியாலம் ஜன்னலில் நின்று பார்த்தேன். அணில் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருந்தாலும் மிளகாய்த்தூள் தூவினேன்.

மே 17, சனி

இப்படி ஓர் அநியாயம் எங்கேயாவது உண்டா?

காலையில் திலகேஸ்வரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். "அக்கா, உங்கட மரம் பூத்திருக்கு. ஓடி வாங்கோ."

நான் ஓடினேன். என் பக்கத்தில் ஒன்றும் இல்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால், ஜனவரியில் எட்டாமல் விட்ட அந்தக் கொப்பில், அவள் வளவுக்குள், இரண்டு பெரிய வெள்ளைக் கொத்து. கொத்தென்றால் என் முழங்கையளவு. வாசம் இந்தப் பக்கம் வரை வந்தது.

"நல்ல ராசி அக்கா உங்கட கை" என்றாள்.

என் தண்ணீர், என் எரு, என் முதுகுநோ. பூ அவளுடைய பக்கம். அவள் வளவில் ஒரு கொத்தமல்லிகூட நட்டதில்லை. கத்தரியைக் கொண்டுவந்து ஒரு கொத்தை வெட்டித் தந்தாள், என் பூவை எனக்கே. வாங்கி வந்து தண்ணீரில் வைத்தேன். மூன்று வருடத்தில் முதல் பூ. இவர் அதற்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் வாசித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். வாசம் நன்றாகத்தான் இருந்தது.

அதே மரம், அதே வேர். வேலிக்கு அந்தப் பக்கம் பூக்கிறது, இந்தப் பக்கம் பூக்கவில்லை. வெயில் அந்தப் பக்கம் கூடவாம், இவர் சொல்கிறார். அவள் பக்கத்துக்கு மட்டும் வேறு சூரியனா?

மே 25, ஞாயிறு

இவர் குளிக்கும்போது போன் மேசையில் கிடந்தது. ஒரு படம் வந்தது. நான் தேடிப் பார்க்கவில்லை. அதுவாகவே வெளிச்சம் போட்டது.

கத்தரிப்பூ நிறம். ஒவ்வோர் இதழுக்கும் வெள்ளைக் கரை. கொத்துக் கொத்தாக, ஒரு செடி முழுக்க. செடி இடப்பக்கம் கோணி நின்றது. அந்தக் கோணலை நான் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன்.

கீழே ஆரணி எழுதியிருந்தாள்: "அப்பா, உங்கட செடி. அம்மாக்குச் சொல்லலாமோ?"

இவர் தலையைத் துடைத்துக்கொண்டு வந்தார். போனை முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"குப்பையிலை போடச் சொன்னனான்."

"ஓம்."

"எந்தக் குப்பையிலை போட்டனீங்கள்?"

துவாயை ஒழுங்காக மடித்துக் கதிரையில் போட்டார். "பாவமா இருந்திது. அவையின்ரை பின்வளவிலை வைச்சனான்" என்றார். மூன்று வருடமாக நூல்நிலையம், பார்க், சேறு. அவர்கள் கையெழுத்து வைக்க முதலே, சேர்ந்து வாடகைக்கு எடுத்த அன்றே கொண்டுபோய் வைத்திருக்கிறார். வெங்காயக்காரரின் மூளை எப்படி வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

செடியை வாங்கினவள் நான். காசு கொடுத்தவள் நான். நான் எறிந்தது அங்கே போய்ப் பூக்கிறது, நான் பொத்திப் பொத்தி வளர்த்தது இங்கே இலையாக நிற்கிறது. என் செடி பூத்ததைப் பார்க்கக்கூட எனக்கு உரிமை இல்லையா? எத்தனை நாளைக்கு நிற்கும் அந்தப் பூ?

மே 31, சனி

இன்று ஒஷவா போனோம். நான் பூப் பார்க்கத்தான் போனேன் என்பதை முதலில் எழுதிவைக்கிறேன்.

வாசலால் போகவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கேற் இருக்கிறது. அதால் நேரே பின்வளவுக்குப் போகலாம். சொன்ன சொல் சொன்னபடியே இருக்கிறது, வாசல்படியை நான் மிதிக்கவில்லை.

பின்வளவில் புல் முழங்காலளவு. ஒருத்தன் தெருத்தெருவாகப் பனி தள்ளுகிறான், தன் வீட்டுப் புல்லை வெட்டத் தெரியாது. அந்தப் புல்லுக்கு நடுவில் அது நின்றது. என்னைவிட உயரம். இன்னும் கோணல். பூப் பாரத்தில் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கிட்டப் போய் ஒரு கொத்தை இழுத்து முகத்தில் வைத்தேன். மல்லிகை மாதிரித் தலைக்குள் ஏறவில்லை. குளிர்ந்த வாசம், மெல்ல வந்து நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்ததே எரிச்சலாகவும் இருந்தது.

பின்கதவு திறந்தது. ஆரணி. மெலிந்திருக்கிறாள். அங்கே சமைக்கிறார்களா என்ன என்று தெரியவில்லை.

"உள்ளை வாங்கோ அம்மா."

"உள்ளை வரேல்லை. பூப் பாக்க வந்தனான்."

"சரி" என்றாள். உள்ளே போய்த் தேத்தண்ணியை வெளியில் கொண்டுவந்து தந்தாள். வளவில் நின்று குடித்தால் அது விருந்து இல்லை. சீனி அளவாகப் போட்டிருந்தாள்.

"இதுக்கு என்ன எரு போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் போடேல்லை அம்மா. ஒருத்தரும் அதைத் தொடேல்லை. அப்பா மட்டும் வந்து தண்ணி ஊத்துவார்."

அப்போது கைல் வந்தான். இரண்டு கையையும் சேர்த்து, "வனக்கம் மாமி" என்றான். மாமியாம். இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பிள்ளை குசினிக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு செடிக்குக் கிட்டப் போனான்.

"வெட்டாதை" என்று கத்திவிட்டேன். அவன் கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றான்.

"உங்களுக்கு ரெண்டு கொத்துத் தரத்தான் அம்மா. இப்ப வெட்டலாம். பூத்து முடியிற நேரம் வெட்டினா ஒண்டும் செய்யாது. கோடை முடியமுதலே அடுத்த வருசத்து மொட்டை இது நுனியிலை கட்டி வைச்சிடுமாம். அதுக்குப் பிறகு ஐப்பசி, தை எண்டு வெட்டினாத்தான் மொட்டும் சேந்து போயிடும். நான் தேடிப் பாத்தனான்."

எனக்கு இரண்டிரண்டாகத் தடித்த அந்தப் பச்சைக் குமிழ்களும் கட்டி எறிந்த பைகளும் நினைவுக்கு வந்தன. பைகளைப் பற்றி நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நடந்தே ஸ்காபரோ வந்திருப்பார்.

விற்கும்போது நேர்சரிக்காரன் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா? மல்லிகைக்கு ஒரு முறை, இதற்கு ஒரு முறை என்றால் மனிதருக்கு எப்படித் தெரியும்?

"இந்தச் செடியை என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டேன்.

"தண்டர் பேக்குக் கொண்டுபோவம் எண்டு கைல் சொல்லுறார். ரெண்டு கிழமையிலை வெளிக்கிடுறம்."

அப்போதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. "பூத்து நிக்கிற செடியைக் கோடையிலை கிண்டுறதோ? செத்துப்போடும். இலை கொட்டினாப் பிறகுதான் கிண்டலாம். ஐப்பசிக்கு முன்னம் நீங்கள் ஒருத்தரும் இந்த இடத்தை விட்டு அசையேலாது. மூண்டு வருசம் நிண்டு பூத்த செடி. வேலை எண்டா வேலை, கொஞ்சம் பொறுக்கேலாதோ? இப்பிடி அவசரப்பட்டு இழுத்துக்கொண்டு ஓடினா வேர் என்னத்துக்கு ஆகும்?"

குரல் உயர்ந்துவிட்டது. கைலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கத்தரிக்கோலைப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஆரணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். செடியைப் பார்க்கவில்லை.

"வேலை ஜூலையிலை தொடங்குது அம்மா. நிக்கேலாது" என்றாள் மெதுவாக. "நீங்கள் ஐப்பசியிலை கிண்டிக்கொண்டு வாங்கோ. உங்களுக்குத்தானே முறை தெரியும்."

குடித்த கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கக் கேற்றால் வெளியே வந்தேன். காரில் இவரிடம், "வெட்டக்கூடாதெண்டு உங்களுக்கும் தெரியுமோ?" என்றேன்.

"வெட்டத்தான் வேணுமோ எண்டு ஒவ்வொரு வருசமும் கேட்டனான். நீர் கேக்கேல்லை."

கேட்பது வேறு, சொல்வது வேறு. வெட்டாதை என்று சத்தமாகச் சொல்லவேண்டும், நான் சொன்ன மாதிரி.

ஜூன் 14, சனி

போய்விட்டார்கள். மழை.

ஜூலை 20, ஞாயிறு

ஒஷவா வீட்டில் இப்போது கைலின் கூட்டாளி இருக்கிறான். செடியை ஐப்பசியில் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறான். ஞாயிறுதோறும் இவரோடு நானும் போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். நூல்நிலையம் என்ற பேச்சே இப்போது இல்லை.

ஆரணி போன் அடித்தாள். நான் எடுத்தேன். செடியைப் பற்றி மட்டும்தான் கதைத்தோம். அதைப் பற்றிக் கதைக்க இவ்வளவு நேரம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

செப்ரெம்பர் 28, ஞாயிறு

என் ஐந்திலும் நுனியில் இரண்டிரண்டாகக் குமிழ். கத்தரியை இவரிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொன்னேன். கை சும்மா இராது.

ஒக்ரோபர் 25, சனி

கோணலைக் கிண்டியெடுத்தோம். இவர் கிண்டினார், நான் பேசினேன். வேரோடு மண் உதிராமல் அரிசிச் சாக்கில் கட்டிப் பின்சீற்றில் சாய்த்துவைத்துப் பெல்ற் போட்டேன்.

வழிக்குச் சாப்பிட முறுக்கு, பயத்தம் பணியாரம், இறைச்சிப் பிரட்டல் கொஞ்சம் செய்தேன். "வழிக்கே இவ்வளவும்?" என்றார் இவர். வழி நீளம்தானே.

ஒக்ரோபர் 27, திங்கள்

நேற்று மாலை வந்து சேர்ந்தோம். இங்கே பனி தொடங்கிவிட்டது. முகத்தைத் திறக்க முடியாத காற்று. மனிதர் வாழ்கிற இடமா இது?

இந்த வீட்டைக் கட்டியவனை நான் கண்டால் நாலு கேள்வி கேட்பேன். இரண்டு பக்கமும் அயல்வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பின்வளவுக்குப் போக வேறு வழியே இல்லை, முன்வாசலால் போய் வீட்டுக்குள்ளால்தான் போகவேண்டும். ஒரு பக்கக் கேற் வைக்கத் தெரியாதவனெல்லாம் எதற்கு வீடு கட்டுகிறான்?

ஆரணி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். கைல் செடியின் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். இவருக்கு முதுகு பிடித்துவிட்டது என்று காரைவிட்டு இறங்கவில்லை. அந்த முதுகைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. வேர்ப்பக்கம் என் கையில். நடுவழியில் விட்டால் மண் உதிர்ந்துவிடும், அடுத்த வருடம் பூக்காது.

வாசல்படிக்குக் கிட்ட வந்ததும் கொஞ்சம் நின்றேன். பிறகு வலது காலை முதலில் எடுத்து வைத்தேன்.